உளவுக் கதைக்குள் வராத ஒரகடம்

2012 நவம்பரில் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 2' என்ற வீடியோ கேமின் கதை 2025-இல் நடக்கிறது. ஓர் இணையத் தாக்குதல் சீனப் பங்குச் சந்தையை முடக்குகிறது. பதிலடியாக, அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைச் சீனா நிறுத்துகிறது. உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்து இரண்டாவது பனிப்போர் மூள்கிறது. கதையை எழுதியவர்களில் ஒருவர் டேவிட் எஸ். கோயர், கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படங்களின் கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர்கள் கற்பனை செய்த ஆண்டு நிஜத்திலும் வந்தது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகள் மீது இறக்குமதி வரிகளை அறிவித்தார். இரண்டே நாளில், ஏழு அரிய மண் தனிமங்களையும் அவை கலந்த காந்தங்களையும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று சீனா உத்தரவு போட்டது. மே மாத இறுதிக்குள் இந்திய வாகனத் தொழில் முழுவதும் அதே பேச்சாக இருந்தது. அந்தத் தொழிலின் பெரும் மையங்களில் ஒன்று ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் வழியாக ஒரகடம் வரை நீளும் ஆலைப் பகுதி. துப்பாக்கியால் சுட்டு விளையாடும் ஒரு விளையாட்டு, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கவலையைப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே கதையாக்கியிருந்தது என்பது கவனிக்க வேண்டிய செய்திதான்.

இதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்லத் தேவையில்லை. 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. அதன்பின் ஜப்பானுக்குப் போக வேண்டிய அரிய மண் தனிமங்கள் சீனத் துறைமுகங்களிலேயே தங்கிவிட்டன. 2012 மார்ச்சில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் மூன்றும் இதற்காக உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. கேமை எழுதியவர்கள் அன்றைய செய்தித்தாளைக் கவனமாகப் படித்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால், படித்ததை வைத்து அவர்கள் கட்டிய கதையைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பவன் ரவுல் மெனெண்டெஸ் என்ற நிகரகுவா நாட்டு ஆயுத வியாபாரி. காப்பீட்டுப் பணத்துக்காக ஓர் அமெரிக்க முதலாளி வைத்த தீயில் அவனுடைய தங்கை உருக்குலைகிறாள். பிறகு ஒரு சி.ஐ.ஏ. வீரன் வீசிய குண்டில் உயிரையும் இழக்கிறாள். அங்கோலா, ஆப்கானிஸ்தான், பனாமா என்று 1980-களின் போர்க்களங்களில் தொடங்கும் பகை, 2025-இல் கோடிக்கணக்கானோர் பின்தொடரும் ஓர் இயக்கமாக வளர்கிறது. 'செலீரியம்' என்ற கற்பனைத் தனிமத்தால் ஆன கருவியைக் கொண்டு அவன் அமெரிக்காவின் ஆளில்லா விமானங்களையெல்லாம் தன் பிடிக்குள் கொண்டுவந்து, அவற்றை அமெரிக்க நகரங்கள் மீதே ஏவுகிறான். அப்பா அலெக்ஸ் மேசனும் மகன் டேவிட் மேசனும் இரு தலைமுறையாக அவனைத் துரத்துகிறார்கள். அவனைக் கொல்வதா, உயிரோடு பிடிப்பதா என்ற முடிவு விளையாடுபவர் கையில். எடுக்கும் முடிவுக்கு ஏற்ப முடிவுக்காட்சியும் மாறும். இந்த வகையில் இதைவிடக் கவனத்தோடு எழுதப்பட்ட கதைகள் குறைவு. எதிரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று காட்டிய துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆண்டும் பொருளும் சரியாக அமைந்த இந்தக் கதை தவறியது அதன் வடிவத்தில். பல பத்தாண்டுகளாக ஆலை ஆலையாக உருவான ஒரு தொழில் சார்புநிலையை ஒரு தனி மனிதனின் சதியாக அது சுருக்கிவிடுகிறது. கனிமம் எங்கே வெட்டப்படுகிறது, யார் பிரித்தெடுக்கிறார்கள், யார் காந்தமாக்குகிறார்கள், அந்தக் காந்தம் எந்த ஊர் ஆலையில் எவர் கையால் எதனுள் பொருத்தப்படுகிறது என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. மியான்மரில் நடக்கும் ஒரு மிஷனில் செலீரியம் ஆய்வுக்கூடத்துக்குள் நம்மை அழைத்துப்போகிறார்கள். நிஜ மியான்மரின் கச்சின் மாநிலத்து மலைகளில் டிஸ்ப்ரோசியத்துக்காகவும் டெர்பியத்துக்காகவும் மண்ணை ரசாயனத்தால் கழுவி எடுப்பவர்கள் அதில் இல்லை. இந்தச் சுருக்கம் விளையாட்டோடு நின்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நம் பொதுப் பேச்சும், சமயத்தில் அரசு ஆணைகளும்கூட, இதே கதைவடிவத்தை எடுத்துக்கொள்கின்றன. அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் கதையில் இடமே கிடைக்காதவர்கள்.

2025-இல் உண்மையில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மின்சார வாகன மோட்டார்கள் பெரும்பாலானவற்றின் சுழலும் பகுதியில் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்த காந்தத் துண்டுகள் செருகப்பட்டிருக்கும். ஒரு காருக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். மோட்டார் ஓடிச் சூடேறும்போது அந்தக் காந்தம் தன் சக்தியை இழக்கத் தொடங்கும். அதைத் தடுக்கச் சிறிதளவு டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். சீனாவின் ஏப்ரல் பட்டியலில் நியோடிமியம் இல்லை. டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருந்தன. காந்தத்தின் எடையில் மிகச் சிறிய பங்கான அந்தச் சேர்மானத்தைப் பிடித்தாலே முழுக் காந்தமும் பிடிக்குள் வந்துவிடும். மின்சாரக் கார் மட்டும் இல்லை. பெட்ரோல் காரின் பவர் ஸ்டீயரிங் மோட்டாரிலும் ஒலிபெருக்கியிலும் இத்தகைய காந்தங்கள் உண்டு. கால் ஆஃப் டியூட்டியின் மொபைல் பதிப்பை விளையாடுகிறவரின் கையில், துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் போன் அதிர்கிறதே, அந்த அதிர்வைத் தரும் குட்டி மோட்டாருக்குள் இருப்பதும் நியோடிமியக் காந்தம்தான்.

இந்தியாவுக்கு வர வேண்டிய காந்தத்தை யாரும் கொள்ளையடிக்கவில்லை, எந்தக் கணினிக்குள்ளும் யாரும் புகவில்லை. ஒரு படிவம் குறுக்கே நின்றது. இறக்குமதி செய்யும் நிறுவனம், இந்தக் காந்தம் ஆயுதத்துக்குப் போகாது, இன்ன வாகனத்தின் இன்ன பாகத்துக்குத்தான் போகும் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அதற்கு இந்திய அரசின் ஒப்புதல் வாங்கி, சீனத் தூதரகத்தின் சான்றும் பெற்று, சீன வணிக அமைச்சகத்தின் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டும். சில இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்திருக்கிறது என்று நம் வெளியுறவு அமைச்சகம் சொன்னது அக்டோபர் இறுதியில்தான். உலகின் காந்த உற்பத்தியில் சுமார் 90 சதவீதம் ஒரே நாட்டில் குவிந்ததால்தான் ஒரு படிவத்துக்கு இவ்வளவு வலிமை வந்தது. சுற்றுச்சூழல் கேட்டையும் குறைந்த லாபத்தையும் பொறுத்துக்கொண்டு சீனா முப்பது நாற்பது ஆண்டுகள் பிரித்தெடுப்பு ஆலைகளைக் கட்டியது. மற்ற நாடுகள் அதே காலத்தில் தங்கள் ஆலைகளை மூடின, அல்லது தொடங்கவே இல்லை. இங்கே சுட்டு வீழ்த்த ஒரு மெனெண்டெஸைத் தேடினால் கிடைக்க மாட்டான்.

இந்த ஆலைப் பகுதியின் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. வரி வழக்கில் ஆலை முடக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற முடியாமல் தனியே நின்றது. பிறகு ஆர்டரும் வற்றியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 2021 டிசம்பரில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன உணவு கொடுத்ததில் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற பெண்கள் இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை திரும்பத் திறந்தது. உலகின் மிகவும் பாதுகாக்கப்பட்ட விநியோகச் சங்கிலிகளில் ஒன்றை நிறுத்தியது ஒரு விடுதிச் சமையலறை. அதே சங்கிலியை மறுபடி தொட்ட செய்தி 2025 ஜூலையில் வந்தது: ஃபாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டார்கள். இயந்திரத்தை நிறுவுவதும் லைன் ஓடும் பக்குவத்துக்குக் கொண்டுவருவதும் அவர்களுடைய கைவேலை. தொழில்நுட்பம் என்பது ஆட்களின் அனுபவத்திலும் இருக்கிறது. அதைத் திருட உளவாளியும் வேண்டாம், தடுக்கத் துப்பாக்கியும் உதவாது.

உளவுக் கதையே வேண்டும் என்றால் தமிழ் மண்ணில் நிஜமான ஒன்று உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று எரிவாயு விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. தோரியம் மோனசைட்டில் உண்டு. அந்த மணலின் ஊரைத் தேடிவந்து, 1910-இல் குமரிக் கடற்கரையிலுள்ள மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுப்பு ஆலை தொடங்கினார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் உளவாளி என்று குற்றம்சாட்டி அவரைக் கைது செய்தார்கள், ஆலை மூடப்பட்டது. கேமாக இருந்தால் மிஷன் அத்தோடு முடிந்திருக்கும். நடந்தது என்ன? லண்டனில் அமைந்த ஒரு நிறுவனம் அதே ஆலையை எடுத்துக்கொண்டது. உளவாளி என்று சொல்லப்பட்டவர் போனார். மணல் முன்போலவே கப்பலேறியது. அந்தக் கடற்கரையில் மணலை அள்ளியவர்களின் கூலியும் உடம்பும் அன்று எப்படி இருந்தன என்பது மட்டும் எந்தக் கதையிலும் பெரிதாக இல்லை. அந்த ஆலை இன்று மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தினுடையது.

விளையாட்டை விளையாட்டாகப் பார்க்க வேண்டும், அதில் பொருளாதாரப் பாடம் தேடலாமா என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கதைக்கு முகம் வேண்டும். ஏற்றுமதி உரிமப் படிவத்தை யாரும் துரத்தி ஓட முடியாது. அதுவும் பலர் கதைப் பகுதியைத் தொடாமல் நேரே பிறரோடு மோதும் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். ஆனாலும், வெளியான பதினைந்து நாளில் நூறு கோடி டாலர் விற்பனையைத் தொட்ட ஒரு கதையை, அதைவிடச் சிறிய சினிமாக்களுக்குக் கொடுக்கும் கவனத்தோடு படிப்பது மிகையாகாது. தமிழில் ஒரு படத்தின் அரசியலை வாரக்கணக்கில் அலசுகிறோம். பிள்ளைகள் பல மணி நேரம் உள்ளே வாழ்ந்துவிட்டு வரும் கதையைப் பற்றி ஒரு பத்திகூட எழுதுவதில்லை. விளையாட்டின் கதைவடிவமும் பொதுப் பேச்சும் ஒன்றோடொன்று கலப்பதற்கு நம் நாட்டிலேயே கண்ணெதிரில் ஒரு சான்று இருக்கிறது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். செப்டம்பர் 2 அன்று பப்ஜி உட்பட, சீனத் தொடர்புடைய 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. அடுத்த இரண்டே நாளில் 'ஃபௌ-ஜி' என்ற உள்நாட்டுக் கேம் அறிவிக்கப்பட்டு, 2021 குடியரசு தினத்தில் வெளிவந்தது. அதன் முதல் கதையே கல்வான். வீரர்களின் இழப்புக்கு மரியாதை செய்யும் எண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேமை ஓட்டிய போன்களின் உதிரிப் பாகங்களில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, அந்த எழுச்சியில் அமுங்கிப்போனது. செயலியைத் தடை செய்ய ஒரு நாள் போதும். பாகங்களை இங்கேயே செய்ய ஒரு தலைமுறையின் உழைப்பு வேண்டும் என்று அப்போதே பேசியிருந்தால், 2025-இல் ஐந்தாண்டு முன்னே நின்றிருப்போம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சிலர் கூடித் தீட்டிய சதி வரலாற்றைத் திருப்பியதே இல்லையா? ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு இதை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியும் அவரோடு இருந்தவர்களும் கொல்லப்பட்ட இடத்தில் இன்று நினைவகம் நிற்கிறது. சதி உண்டு, உளவு உண்டு, அவற்றைத் தடுக்கும் அமைப்புகளும் வேண்டும். ஆனால் அந்தக் கொலையை அரசு எப்படி ஆராய்ந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சதியை விசாரிக்க ஜெயின் ஆணையம் அமைக்கப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாட்டில் எங்கே ஓட்டை விழுந்தது, யார் கடமை தவறியது என்பதை விசாரிக்க வர்மா ஆணையம் தனியாக அமைக்கப்பட்டது. குற்றவாளியைத் தேடுவதும், குற்றம் நடக்க இடம் கொடுத்த அமைப்பைத் திருத்துவதும் வேறுவேறு வேலைகள் என்று அந்த அதிர்ச்சியின் நடுவிலும் நமக்குத் தெரிந்திருந்தது. உளவுக் கதைவடிவம் முதல் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கழற்றிவிடுகிறது.

கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அலுவலகக் குறிப்பில் பார்க்கலாம். அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்கிறது அது. சொல்லும் காரணம் நாட்டின் பாதுகாப்பும் அதற்கான தேவைகளும். நாடு ஆபத்தில் இருக்கிறது, எதிரி காத்திருக்கிறான், நேரமில்லை, ரகசியமாக முடிக்க வேண்டும்: ஒவ்வொரு மிஷனின் தொடக்கத்திலும் நாம் கேட்கும் குரல்தான் இது. இந்தக் குரல் போய் விழும் ஊர்களுக்குப் பெயர் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம் புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு ஆகிய இடங்களில் 1,144 ஹெக்டேர் பரப்பில் தாது மணல் எடுக்க ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 அன்று நடக்க இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் மீனவ ஊர்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. கதிரியக்கம் பற்றியும் புற்றுநோய் பற்றியும் கடலரிப்பு பற்றியும் அந்த மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்கும் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் பெறக் கிடைத்த சட்டபூர்வமான மேடை அது. செப்டம்பர் குறிப்பு அந்த மேடையையே எடுத்துவிடுகிறது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி அன்றைய தமிழக முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கட்சி எதுவானாலும் அந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்க வேண்டிய விஷயம் இது.

காந்தம் வேண்டுமா வேண்டாமா, ஒரகடத்தில் வேலை வேண்டுமா வேண்டாமா என்று இங்கே எதிர்க்கேள்வி வரும். 2025 ஜனவரியில் வந்த ஹூண்டாயின் மின்சார கிரெட்டா இருங்காட்டுக்கோட்டையில்தான் தயாராகிறது; ராயல் என்ஃபீல்டும் டெய்ம்லரும் ரெனோவும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. கான்ட்ராக்ட் வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு லைன் நின்றால் அந்த மாதச் சம்பளமே கேள்விக்குறி. அதனால் இந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இதற்கான விடை, ஓர் எதிரியைக் காட்டி அவசரப்படுத்தும் கதைக்குள் கிடைக்காது. இந்தியக் கடற்கரைகளிலும் பிற மணல் படிவுகளிலும் 1 கோடியே 30 லட்சம் டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அரசு கணக்கிட்டிருக்கிறது. அதில் நியோடிமியம் கிடைக்கும். 2025-இல் கழுத்தைப் பிடித்த டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் எடுக்கத்தக்க அளவில் நம் மோனசைட்டில் இல்லை என்பதையும் அதே அரசுதான் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கிள்ளியூரில் முன்பே மணல் அள்ளியிருந்தாலும் அந்த ஏப்ரல் பட்டியலிலிருந்து ஒரகடம் தப்பித்திருக்காது.

நிஜமான வழிகள் மெதுவானவை, கதைக்கு உதவாதவை. அரிய மண் தனிமம் தேவைப்படாத ஃபெரைட் காந்த மோட்டார்களை வடிவமைப்பது, பழைய மோட்டார்களிலிருந்தும் கணினி வட்டுகளிலிருந்தும் காந்தத்தை மீட்பது, பிரித்தெடுப்பு வேதியியல் தெரிந்த ஆட்களை உருவாக்குவது, டிஸ்ப்ரோசியம் உள்ள நாடுகளோடு நீண்ட ஒப்பந்தம் போடுவது ஆகியவை அவற்றில் சில. 2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் தயாரிக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அது சரியான திசை. அந்த 6,000 டன்னுக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அரிய மண் தனிமம் எந்த நாட்டிலிருந்து எந்த விலைக்கு வரும், நியோடிமியத்துக்கான மணல் எந்த ஊரிலிருந்து எந்த நிபந்தனையோடு எடுக்கப்படும் என்ற இரண்டு கணக்கையும் அரசு வெளிப்படையாக வைக்க வேண்டும். இரண்டாவது கணக்கை வைக்க வேண்டிய இடம் கிள்ளியூர் வட்டத்தில் நடக்க வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டம். செப்டம்பர் 8-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் பெறாமல் அந்தக் கூட்டத்துக்கு வழி இல்லை.